நின்றால் நடுக்கம், ஸ்டார்ட் செய்தால் கீச்சுச் சத்தம்: பழைய காரின் கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐட்லிங் (கார் நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடும் நிலை) ஆடுகிறது என்று பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பல இடங்களில் முதலில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கை மாற்றுவார்கள். சரியாகவில்லையா, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில். அதிலும் தீரவில்லையா, என்ஜினுக்குள் காற்று போகும் வாயான துரோட்டல் பாடியைக் கழுவுவார்கள், அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில். கடைசியில் பார்த்தால் விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றில் விரிசல் விட்டிருக்கும். கீச்சுச் சத்தத்துக்கும் இதே கதைதான்: பெல்ட் மாற்றுவார்கள், இரண்டு வாரம் அமைதி, பிறகு மறுபடியும் கீச்.

மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்த்துப் பழைய கார் வாங்கியவருக்கு இந்த ஊகச் செலவு பெரிய அடி. அதைத் தவிர்க்க நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. கேள்விகளை ஒழுங்கான வரிசையில் கேட்கத் தெரிந்தால் போதும். எந்தப் பாகம் கெட்டது என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, எப்போது வருகிறது? இரண்டாவது, எங்கிருந்து வருகிறது?

முதல் வேலை: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

கைப்பேசியிலேயே குறிப்பெடுக்கலாம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடேறிய பிறகா? கியர் டி-யில் நிற்கும்போதா, என்-னில் போட்டாலுமா? ஏர்கோன் போட்டால் மாறுகிறதா? ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் கூடுகிறதா? மழை பெய்த மறுநாள் காலை மட்டுமா? நிற்கும்போதா, ஓடும்போதா? பிரேக் மிதித்தால் நிற்கிறதா? சத்தம் வரும்போது முப்பது விநாடி பதிவு செய்தும் வையுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் சத்தம் ஒளிந்துகொள்வது எல்லாருக்கும் நடப்பதுதான்.

இந்தக் குறிப்பின் மதிப்பை கோலாலம்பூர் செந்தூலில் எனக்குப் பழக்கமான ஒரு ஃபோர்மேன் அண்ணனிடம் நேரில் பார்த்தேன். ஓர் இளைஞர் வந்து, "அண்ணே, காடி நின்னா ஆடுது. பிளக் மாத்திடுங்க" என்றார்.

"மாத்தலாம் தம்பி. முதல்ல சொல்லு, டீ-ல நிக்கும்போது ஆடுதா, என்-ல போட்டாலும் ஆடுதா?"

"டீ-ல மட்டும்தாண்ணே."

"ஆர்பிஎம் முள்ளு?"

"அது அசையாம நிக்குது."

"அப்ப பிளக்குல கைய வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை அடித்து என்ஜினின் வலப்பக்கத்து மவுண்டிங்கை, அதாவது என்ஜினைத் தாங்கும் ரப்பரைக் காட்டினார். ரப்பர் நடுவில் கிழிந்து, உள்ளே இருந்த திரவம் வழிந்து, சுற்றிலும் தூசி கறுப்பாக ஒட்டியிருந்தது. போனட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்திருந்தது.

கை வைக்கும் முன்

காரைச் சமதரையில் நிறுத்தி, பி-யில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். என்ஜின் ஓடும்போது துப்பட்டா, தொங்கும் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை, விரித்த முடி எதுவும் பெல்ட்டுக்கு அருகில் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. பல கார்களில் என்ஜினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். கொண்டோவில் குடியிருப்பவர்கள் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் என்ஜினை நெடுநேரம் ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நல்ல ஐட்லிங் என்றால் என்ன?

சூடேறிய பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் 650 முதல் 850 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நிற்கும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 1,200 அல்லது அதற்கும் மேலே போய், ஓரிரு நிமிடத்தில் மெல்ல இறங்கினால் அது இயல்பு. ஏர்கோன் கம்ப்ரெசர் பிடிக்கும் நொடியில் முள் லேசாகச் சரிந்து, உடனே நிமிர்வதும் இயல்பு. மூன்று சிலிண்டர் கார்கள் நான்கு சிலிண்டர் கார்களைவிடச் சற்று அதிகமாகத்தான் அதிரும். விவா, ஆக்சியா வைத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டு வியோஸோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

முள் ஏறி இறங்கி ஊசலாடுவது, ஏர்கோன் போட்டால் அணைந்துவிடப் பார்ப்பது, ஒழுங்கில்லாமல் இடையிடையே ஓர் உதறல் வருவது, புகைக்குழாயில் 'பொட்... பொட்' என்று தட்டுவது, இவையெல்லாம் கோளாறு.

நடுங்குவது என்ஜினா, அதைத் தாங்கும் ரப்பரா?

சூடேறிய காரில் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி டி, என், ஆர் என்று மாற்றிப் பாருங்கள். முள் நிலையாக நிற்கிறது, டி-யிலும் ஆர்-இலும் உடல் அதிர்கிறது, என்-னில் போட்டால் அடங்கிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் மவுண்டிங்கின் மேல். கோலாலம்பூர் ஜேமிலும் பினாங்குப் பாலத்து ஜேமிலும் டி-யில் போட்டு, ஏர்கோனோடு, பிரேக்கில் நின்றே பொழுது கழிகிற கார்களில் இந்த ரப்பர்களுக்கு ஓய்வே இல்லை. ஒருவர் பிரேக்கை மிதித்தபடி டி-யில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம். காருக்கு முன்னால் மட்டும் நிற்கக் கூடாது. என்ஜின் பெரிதாகத் துள்ளினால் மவுண்டிங் போய்விட்டது.

முள்ளும் சேர்ந்து ஆடினாலோ, என்-னிலும் நடுக்கம் தொடர்ந்தாலோ கோளாறு என்ஜினின் உள்வேலையில் இருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகி, காரின் கணினி பதிந்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் சிறிய ப்ளூடூத் ஓபிடி கருவி அதிக விலை இல்லை. கைப்பேசிச் செயலியோடு இணைத்தால் போதும். 2000-களின் தொடக்கத்து மலேசியக் கார்கள் சிலவற்றில் இந்தச் சாதாரணக் கருவி இணையாது. அவற்றுக்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான்.

பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகம். ஆனால் குறியீடு என்பது புகார் மட்டுமே. எந்தப் பாகம் குற்றவாளி என்று அது சொல்வதில்லை. பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள், பல சமயம் உண்மையைச் சொன்ன சென்சாரைத்தான் கழற்றி எறிகிறார்கள்.

குறியீட்டைவிட எனக்குப் பிடித்தது ஃபியூவல் டிரிம் எண்: கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டுவது. குறுகிய கால டிரிம், நீண்ட கால டிரிம் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஏறக்குறைய 10 விழுக்காட்டுக்குள், கூட்டலிலோ கழித்தலிலோ இருந்தால் நல்லது. ஐட்லிங்கில் +20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஐட்லிங்கில் நன்றாக இருந்து, ஆர்பிஎம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதிய அளவு வருவதில்லை: பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரில் ஓடும் என்ஜின்களில் காற்றுக் கசிவு டிரிம்மில் பெரிதாகத் தெரியாமல், ஐட்லிங்கை உயர்த்தியோ ஊசலாட்டியோ காட்டலாம். அதையும் நினைவில் வையுங்கள்.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் இரண்டொரு நாள் பொறுக்கலாம். அது விட்டுவிட்டு மின்னினால் பொறுக்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள்.

பிளக்கும் காயிலும்

என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினியத் தலையின் மரை போய்விடும். காயிலைத் தூக்கியதும் முதலில் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டோ பிளக் குழியின் சீலோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால், புதியதும் எண்ணெயில் ஊறிக் கெடும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு பழைய துணியில் அடுக்குங்கள். முனை இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஈரமான கறுப்பு எண்ணெய் என்றால் ரிங் அல்லது வால்வ் சீல் வழியாக என்ஜின் ஆயில் இறங்குகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. நான்கில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்தான் இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் ஏர் ஃபில்டர், சென்சார் போன்ற பொதுக் காரணத்தைத் தேடுங்கள். பீங்கான் உடலில் மேலிருந்து கீழாக மயிரிழை போல் கறுப்புக் கோடு தெரிகிறதா என்றும் உருட்டிப் பாருங்கள். மின்பொறி முனைக்குப் போகாமல் அந்த வழியாகத் தப்பிக்கிறது.

காயிலைச் சோதிக்கக் காசே வேண்டாம். பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜினை அணைத்துவிட்டு இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் போடுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் கெட்டது. ஒன்றே ஒன்று வாங்கினால் போதும். பி0302 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கையும், அதன் பிறகு இன்ஜெக்டரையும் இதே முறையில் இடம் மாற்றிப் பார்க்கலாம். "நாலு காயிலும் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஓடும் என்ஜினில் காயிலைக் கையால் தூக்கிப் பார்ப்பது சிலருக்குப் பழக்கம். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்கிறது, வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது பிளக்கை முதலில் விரலாலேயே மரையில் ஏற்றிவிட்டு, பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும்.

காற்றுக் கசிவு

பழைய கார்களின் ஐட்லிங் கோளாறில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான் என்பது என் கருத்து. துரோட்டலைத் தாண்டி உள்ளே புகும் கணக்கில் வராத காற்று, ஐட்லிங்கில்தான் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். வேகமாக ஓடும்போது அதே கசிவு மொத்தத்தில் கரைந்துவிடும். அதனால்தான் ஹைவேயில் நன்றாக ஓடும் கார் சிக்னலில் மட்டும் ஆடுகிறது.

நம் ஊர் வெப்பத்தில் போனட்டுக்குள் ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு பிசிவி குழாய் (என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப இழுப்பது), பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து துரோட்டலுக்கு வரும் மடிப்புக் குழாய் ஆகியவற்றை விரலால் வளைத்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். கிளிப் தளர்ந்து குழாய் நழுவியிருப்பதும் உண்டு.

அடுத்து, ஐட்லிங்கில் ஓடவிட்டுக் காதைக் கொடுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' கேட்கலாம். சந்தேகப்படும் குழாயை இடுக்கியால் மெதுவாக நசுக்கும்போது ஐட்லிங் நிமிர்ந்தால் கசிவு அந்த வழியில் இருக்கிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தால், ஓட்டையை அது ஒரு கணம் அடைக்க, ஆர்பிஎம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சோதிப்பவர்களும் உண்டு. பலன் தரும் முறைதான், ஆனால் அது தீப்பற்றும் திரவம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் செய்பவர்களுக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

பிரேக் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஐட்லிங் மாறுகிறது, பெடலும் கடினமாகிறது என்றால் பூஸ்டரில் கசிவு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், இது பிரேக் சம்பந்தப்பட்டது.

துரோட்டல் பாடியும் மற்றவையும்

துரோட்டல் தகட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் படியும். ஐட்லிங்கில் காற்று போகும் மெல்லிய இடைவெளியை அது அடைத்துவிடும். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துவிடுகிற கார்களிலும், ஏர்கோன் போட்டால் தடுமாறுகிற கார்களிலும் இதை முதலில் பாருங்கள். துரோட்டல் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைப்பதே நல்லது. மின்னணுத் துரோட்டலாக இருந்தால் சாவியைத் திருப்பிய நிலையில் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. உள்ளிருக்கும் பற்சக்கரம் உடையும். சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் சில நாள் உயர்ந்து நிற்கலாம். கணினிக்குப் புது அளவைக் கற்றுக்கொடுக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். பேட்டரி மாற்றிய பிறகு ஐட்லிங் ஆடத் தொடங்கினாலும் காரணம் பெரும்பாலும் கணினி கற்ற அளவு அழிந்துபோனதுதான்.

இவ்வளவும் பார்த்துத் தீரவில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. எல்லாச் சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மற்றவற்றைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை அந்தச் சிலிண்டருக்குள் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். இங்கே பெரிய செலவு இருக்கிறது. பழுதுபார்ப்பதா, காரையே மாற்றுவதா என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

இனி, கீச்சுச் சத்தம்

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: கார் நிற்கும்போதே கேட்டால் அது என்ஜின் பக்கம், பெல்ட்டும் அதில் சுழலும் உறுப்புகளும். ஓடும்போது மட்டும் கேட்டால் சக்கரம், பிரேக் பக்கம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கீச்சிட்டு நின்றுவிடும் சத்தம் அநேகமாக பெல்ட் வழுக்குவது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தைத் திரும்ப ஏற்ற ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில் கடினமாகச் சுற்றும். ராத்திரி மழையின் ஈரமும் பெல்ட்டில் இருக்கும். தளர்ந்த பெல்ட் இந்தச் சுமையைத் தாங்காமல் வழுக்குகிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் சுமை இன்னும் கூடும். அதனால் பேட்டரியையும் அளந்து பாருங்கள். என்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.4 முதல் 12.7 வோல்ட், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை செய்து பாருங்கள். என்ஜின் ஐட்லிங்கில் ஓட, தள்ளி நின்று ஸ்பிரே புட்டியால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் உடனே கூடினால் இழுவிசை போதவில்லை. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள் அல்லது பெல்ட்டை இறுக்குங்கள். சத்தம் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) ஏதோ ஒன்று கோணலாக நிற்கிறது. 'கிச் கிச் கிச்' என்று தாளம் தவறாமல் வரும் சத்தமும் அநேகமாகக் கோணல்தான். தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்குகளைத் தேடுங்கள்.

பெல்ட்டில் ஸ்பிரே அடித்துச் சத்தத்தை அடக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நோய் அப்படியே இருக்க, கத்துவது மட்டும் சில நாள் நிற்கும். இப்போதைய பெல்ட்டுகள் பழைய ரப்பர் போல வெடிப்பதும் இல்லை. வெடிப்பே இல்லாமல் வரிகள் தேய்ந்து ஆழமாகியிருக்கும், பார்க்கப் புதிது போலவே இருக்கும். பெல்ட்டில் எண்ணெயோ கூலண்டோ பட்டிருந்தால் கசிவை அடைத்துவிட்டுத்தான் புது பெல்ட் போட வேண்டும்.

பேரிங் சத்தத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டரின் அசையாத உடல், ஐட்லர் புல்லியின் நடு போல்ட், கம்ப்ரெசர் என்று ஒவ்வொன்றாக வைத்து, பிடியைக் காதருகே கொண்டுபோய்க் கேட்பார்கள். கெட்ட பேரிங் கரகரவென்று பேசும். சுழலும் பகுதியில் முனை படவே கூடாது.

உறுதி செய்ய ஒரே வழி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டுவது. சத்தம் போய்விட்டால் குற்றவாளி பெல்ட் சுற்றும் உறுப்புகளில் ஒன்று. அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். நல்லது வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டது மணல் அரைபடுவது போல் கையில் தெரியும், அல்லது ஆடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் சுற்றுவதாக இருந்தால் அரை நிமிடத்தைத் தாண்டாதீர்கள், கூலண்ட் ஓடாது.

ஏர்கோன் கம்ப்ரெசருக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஏர்கோன் அணைந்திருக்கும்போதும் கரகரத்தால் முதல் சந்தேகம், கம்ப்ரெசரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் புல்லியின் பேரிங்கின் மேல். ஏர்கோன் போடாவிட்டாலும் அந்தப் புல்லி அந்த பேரிங்கின் மேல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இதற்கு முழுக் கம்ப்ரெசரை மாற்றத் தேவையில்லை. மாறாக, ஏர்கோன் போட்டால்தான் கீச்சிடுகிறது என்றால் பெல்ட் தளர்ச்சியோ கம்ப்ரெசரின் உள்கோளாறோ காரணம்.

ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போது கத்தினால் புரோட்டோன் வீரா போன்ற ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கார்களில் பம்பின் எண்ணெய் அளவையும் பெல்ட்டையும் பாருங்கள். பெரோடுவா மைவியில் மின்சார ஸ்டீயரிங் என்பதால் அந்தப் பம்பே கிடையாது.

பெல்ட்டைக் கழற்றிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் டைமிங் கவருக்குள், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் செயின் அல்லது பெல்ட்டின் டென்ஷனரைச் சந்தேகியுங்கள். 2005-இல் வந்த முதல் மைவியின் 1.3 என்ஜினில் டைமிங் செயின். 2004-இல் ஜென்-2 காருடன் அறிமுகமான புரோட்டோன் கேம்ப்ரோ என்ஜினில் டைமிங் பெல்ட். பெல்ட் வகையில், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும்.

ஓடும்போது கேட்கும் கீச்சுகள்

பிரேக் பேடு தேய்ந்து முடியும் தறுவாயில், அதிலுள்ள சிறு தகடு டிஸ்கில் உரசி மெல்லிய கீச்சு எழுப்பும். இது எச்சரிக்கைக்காகவே வைத்தது. பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழைக்குப் பிறகு முதல் சில பிரேக்கில் மட்டும் உரசினால் டிஸ்கில் படிந்த துரு, தானாகப் போய்விடும். வேகத்தோடு கூடும் 'உம்ம்ம்' வீல் பேரிங். பேரங்காடிகளின் வழவழப்பான கார் நிறுத்துமிடத் தரையில் திரும்பும்போது டயர் கத்துவது கோளாறே இல்லை, புதுக் காரும் கத்தும்.

இரண்டும் ஒன்றாக வந்தால்

நடுக்கமும் கீச்சும் ஒரே சமயத்தில் தொடங்கினால், இரண்டு கோளாறாக நினைத்து இரண்டு செலவு செய்யாதீர்கள். மூன்று இடங்களை முதலில் பாருங்கள்.

கிராங்க் புல்லி: என்ஜினின் முதன்மைத் தண்டு முனையில் இருந்து பெல்ட்டைச் சுற்றுவது. இதில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் உண்டு. அது விட்டுப்போனால் வெளிவளையம் தள்ளாடும், பெல்ட் கோணலாக ஓடிக் கத்தும், என்ஜின் அதிரும். ஐட்லிங்கில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே தள்ளாட்டம் தெரியும்.

இறுகிக்கொண்டிருக்கும் உறுப்பு: ஆல்டர்னேட்டர் அல்லது கம்ப்ரெசரின் பேரிங் பிடித்துக்கொண்டால், பெல்ட்டும் வழுக்கும், அந்தச் சுமையில் ஐட்லிங்கும் அமுங்கும்.

பிசிவி: சில ஐரோப்பியக் கார்களில் இதன் ரப்பர்ச் சவ்வு கிழிந்தால் விசில் போன்ற கூர்மையான கீச்சும், நடுங்கும் ஐட்லிங்கும் சேர்ந்தே வரும். என்ஜின் ஓடும்போது, ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கைச் சற்று உருவிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் பெல்ட்டைத் தொடவே வேண்டாம்.

வாங்கப் போகும் காரா?

காலையில் போங்கள், குளிர்ந்த என்ஜினைத்தான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் முதல் ஸ்டார்ட்டில் வர வேண்டிய கீச்சு வந்து போயிருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பலாம். சாவியைத் திருப்பும்போது செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம். ஸ்கேனரில் குறியீடே இல்லை, ஆனால் கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் சோதனைகள் பலவும் முடியவில்லை என்று காட்டினால் அண்மையில்தான் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தின் பி5 சோதனையில் தேறியது என்பது பெயர் மாற்றத்துக்கு உதவும், ஐட்லிங்குக்கு உத்தரவாதம் ஆகாது.

வெள்ளத்தில் நின்ற காரில் இந்த இரண்டு கோளாறும் சேர்ந்தே குடியிருக்கும். 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தண்ணீர் பேரிங்கின் கிரீஸைக் கெடுத்துவிடுகிறது, ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சணம் போல் அரிப்பு ஏறுகிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கறை பாருங்கள், ஸ்பேர் டயர் குழியில் வண்டல் தேடுங்கள், பேரிங்குக்குப் பக்கத்தில் துருவைத் தேடுங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில்

"பெல்ட் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பெல்ட்தான் மாறும். "குளிர்ந்த என்ஜின்ல, மழை பேஞ்ச மறுநாள், பத்து விநாடி கீச்சுனு கத்துது, ஏர்கோன் போட்டா மறுபடி வருது. தண்ணி அடிச்சா சத்தம் கூடுது" என்று நிலைமையைச் சொல்லுங்கள், பதிவைக் கேட்கக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் அங்கேயே பணம் கட்டிவிட்டு ஓடாமல், கோளாறு வந்த அதே நிலையை உண்டாக்கிப் பாருங்கள்: டி-யில், ஏர்கோனோடு, பிரேக்கில், ஐந்து நிமிடம். குளிர்ந்த என்ஜின் கோளாறாக இருந்தால் ராத்திரி முழுக்கக் காரை அங்கேயே நிறுத்திவிட்டு, காலையில் ஃபோர்மேனோடு சேர்ந்து நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள்.